‘காத்தாடி’ என்று படித்த பையன்

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாயில் உட்கார்ந்திருந்தான். கையில் ஓர் அட்டை. மேலே வால் வைத்த பட்டத்தின் படம், கீழே ‘பட்டம்’ என்று பெரிய எழுத்து. “படிப்பா” என்றார் டீச்சர். அவன் முதல் எழுத்தில் விரலை வைத்து ‘ப’ என்றான். அடுத்ததற்கு நகர்ந்து ‘ட்’ என்று முணுமுணுத்தான். அப்புறம் கண் மேலே படத்துக்குப் போனது. முகமெல்லாம் சிரிப்பாக “காத்தாடி!” என்றான்.

டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. “ஆமா, நாம காத்தாடின்னுதான் சொல்லுவோம். சரி, காத்தாடின்னு எழுதணும்னா முதல்ல என்ன எழுத்து வரும்?” என்றார். பையன் கொஞ்சம் யோசித்து “கா” என்றான். “இதுல கா இருக்கா, தேடிப் பாரு.” பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். டீச்சர் உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை ப, ட், ட, ம் என்று நான்கையும் ஒட்டவைத்து ‘பட்டம்’ என்று வந்து நின்றான்.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் எத்தனை முடிவு எடுத்தார் என்று பாருங்கள். பையனுக்கு எழுத்து தெரியும், ஆனால் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்க வரவில்லை, அந்த இடத்தில் படத்தைப் பிடித்துக்கொள்கிறான் என்று கண்டுபிடித்தார். வீட்டில் பேசும் சொல்லை மதித்தார். தப்பை அவனே கண்டுகொள்ள ஒரு கேள்வி போட்டார். கடைசியாக, யூகிக்கும் வழியை அடைத்தார். இதையெல்லாம் எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “பயிற்சியா? நான் 2007-ல வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் பக்கத்து வகுப்புல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க செய்றதைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்” என்றார்.

அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வருடங்களில் அவர் போகாத பயிற்சி இல்லை. வருகைச் சான்றுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அப்படியிருந்தும் வகுப்பில் உண்மையாகக் கைகொடுப்பது அந்த அக்காவிடம் பார்த்துப் பழகியதுதான் என்கிறார். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியரை உருவாக்கும் முறை எப்படி வளர்ந்தது, எங்கே திசை மாறியது என்பதை இந்தப் பதிலை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க என்ன பெரிய படிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நிறையக் குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் குழந்தை கவனமாகத்தான் செய்திருக்கிறது. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐ எடுத்து 5. அடுத்து 5-லிருந்து 2 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்த விதியை ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. 52 என்றால் ஐந்து பத்து, இரண்டு ஒன்று என்பது அதன் கைக்கு இன்னும் பழகவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகளைக் கொடுத்து, “ஏழு குச்சி எடு, இல்லையா, அப்போ ஒரு கட்டைப் பிரி” என்று சொன்னால் வழி திறக்கும்.

கணக்கில் பட்டம் பெற்ற ஒருவருக்கு 25 என்ற விடை தெரியும். அது ஏன் 35 ஆகிறது என்று தெரிய வேண்டியது ஆசிரியருக்குத்தான். பாட அறிவு, கற்பிக்கும் முறை இரண்டும் கலந்த இந்தத் தனி அறிவைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் எழுதினார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் ஆசிரியர் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்த அறிவு கைமாறும் பழைய வழி ஒன்று நம் ஊரில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பான். அவர்களில் சிலர் பின்னால் வாத்தியார் ஆவார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் தொடங்கிய ஆதரவற்ற சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இப்படி ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியில் அதைச் செய்து பார்த்து, ஊர் திரும்பிய பிறகு 1797-ல் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. குறைந்த செலவில் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகளைப் படிக்கவைக்கும் உபாயமாகத்தான் அங்கே அதைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டாம்பிள்ளை முறையில் குறைகளும் இருந்தன, பிரம்படியும் மனப்பாடமும் அதோடு வந்தவை. ஆனாலும், கற்பிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கக் கற்பது அதன் உள்ளேயே இருந்தது.

1854-ல் வந்த வுட்டின் கல்வி அறிக்கை ஆசிரியர்களைத் தனிப் பள்ளியில் வைத்துப் பயிற்றுவிக்கச் சொன்னது. இரண்டே வருடத்தில், 1856-ல், சென்னையில் நார்மல் பள்ளி என்ற அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் ஆசிரியர் கல்லூரி அதன் வாரிசு. ‘இடைநிலை ஆசிரியர்’ என்ற பதவிப் பெயரும் பழைய காலத்து மிச்சம். ஒன்று முதல் ஐந்து வரை நடத்துகிறவருக்கு ஏன் இடைநிலை என்று பேர் என்று புதிதாகக் கேட்பவர்கள் குழம்புவார்கள். உயர்நிலைப் படிப்பை முடித்துப் பயிற்சி பெற்றவர் என்பதைக் குறித்த தகுதிப் பெயர் அது. இப்போது பிளஸ் டூ முடித்து, இரண்டு வருட தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018-ல் திறந்துவிட்ட வழியை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் மூடியது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி, பெரிய படிப்பு அதை ஈடுகட்டாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அது சரியாகப் பட்டது.

பட்டயப் படிப்பின் கதை சோகமானது. 2000-களில் நூற்றுக்கணக்கில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. கடன் வாங்கிப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தார்கள். வேலை வரவில்லை, அப்புறம் சேர்க்கை சரிந்தது, ஒவ்வொன்றாக மூடின. நாட்டின் ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மை தனியார் கையில் இருப்பதையும், அவற்றில் பலவற்றின் தரம் மோசமாக இருப்பதையும் அது வெளிப்படையாகச் சொன்னது. அதே 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. கேள்வித்தாளும் கடினம், நேரமும் குறைவு என்று அக்டோபரில் மறுபடி நடத்தினார்கள். அத்தனை பேரையும் முட்டாள்கள் என்று அப்போது ஊடகங்களில் பேசியது நினைவிருக்கிறது. பயிற்சி நிறுவனங்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

வேலைக்கு வந்த பிறகான பயிற்சிக்கு வருவோம், ஏனென்றால் ஓர் ஆசிரியர் முப்பது வருடம் அதில்தான் இருக்கிறார். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று நாட்டின் கல்வி முறையை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 1966-லேயே சொன்னது. அது நடக்கவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கைதான் மாவட்ட அளவில் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் வாயில் அது ‘டயட்’. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், 2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வித் திட்டமும் வந்தபோது இன்னும் கீழே இறங்கி, ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம் என்று அமைத்தார்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருப்பார்கள். வருடத்துக்கு 20 நாள் பயிற்சி என்பது அப்போதைய விதி. இன்று 2020 கல்விக் கொள்கை சொல்லும் வருடம் 50 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

காகிதத்தில் இது அருமையான அமைப்பு. மாநிலத்தில் யோசிப்பது வகுப்பறை வரை வர ஒரு படிக்கட்டு. சிக்கலும் அந்தப் படிக்கட்டில்தான். மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்தார் ஒன்றியத்துக்கு, அங்கிருந்து ஆசிரியருக்கு. மேலே ஐந்து நாளில் நடந்தது கீழே வரும்போது இரண்டு நாள், சில சமயம் ஒரே நாள். மேலே குழந்தைகளை வைத்து நடத்திக் காட்டியது, கீழே பவர்பாயின்ட் ஆகிவிடும். பயிற்சி தரும் கருத்தாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் போன வாரம்தான் அதைக் கேட்டிருப்பார், தன் வகுப்பில் ஒரு நாள்கூடச் செய்து பார்த்திருக்க மாட்டார். “மேடம், எங்க வகுப்புல நாலு பேர் ஒரு எழுத்தும் தெரியாதவங்க, அவங்களை என்ன செய்றது?” என்று யாராவது கேட்டால், அவருக்கு வந்த கையேட்டில் அதற்குப் பதில் இருக்காது.

செயல்வழிக் கற்றலின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி வரைபடத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும். முதலில் இறங்கிய ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய் அந்தப் பள்ளிகளைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து சேர்ந்து உட்கார்ந்து தமிழுக்கும் கணக்குக்கும் அட்டை தயாரித்தார்கள். எந்த எழுத்து முதலில் வரவேண்டும் என்று அவர்களே விவாதித்தார்கள். நேர்கோடுகளால் எழுதிவிடக்கூடிய ட, ப போன்ற எழுத்துகளை முன்னால் வைத்து, அகர வரிசையைப் பின்னுக்குத் தள்ளும் துணிச்சல் அப்படித்தான் வந்தது. அட்டையைச் செய்தவருக்கு அட்டைக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரியும்.

2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் கரும்பலகை, தரையில் பாய், டிரேக்களில் அச்சடித்த அட்டை என்று ஊர் ஊராகப் பள்ளிகளின் தோற்றமே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தது சின்ன விஷயமில்லை. ஆனால் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அட்டை தயாராகப் பெட்டியில் வந்து இறங்கியது, கூடவே சில நாள் பயிற்சி. நம் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அதுதான். “அட்டை எண், அட்டையில இருக்கிற லோகோ படம், ஏணிப்படி எல்லாம் சொன்னாங்க. குழந்தை அட்டையில நின்னுட்டா என்ன செய்யணும்னு சொல்லலை” என்கிறார். பையன் ‘காத்தாடி’ என்று சொல்லும் இடம் அதுதானே.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பழைய பாடங்களைக் கொஞ்சம் கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளி பார்க்காத குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எட்டு வயதுக்குள் படிக்கவும் கணக்குப் போடவும் வைப்பது அதன் இலக்கு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆசிரியர் கையேடு, குழந்தைக்குப் பயிற்சி நூல், பருவம் தொடங்கும்போது பயிற்சி. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கையேடு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மதிப்பீட்டுப் பதிவு செயலிக்குப் போனது. ஒவ்வொரு குழந்தைக்கும் திரையைத் தட்டித் தட்டி உட்கார்ந்தால் பாடம் எடுக்க நேரம் எங்கே என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. நியாயமான கேள்வி அது.

ஈராசிரியர் பள்ளி என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அப்படியென்றால் ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அப்புறம் சின்ன வகுப்புகளில் சூழ்நிலையியல், பெரிய வகுப்புகளில் அறிவியல், சமூக அறிவியல், இவ்வளவையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலைமை ஆசிரியரும்கூட, அதனால் பாதி நாள் பதிவேடு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் மனசு பள்ளியில் இருக்கும். இணைய வழிப் பயிற்சி இதற்கு மாற்று என்றார்கள். 2017-ல் வந்த தீக்‌ஷா என்ற அரசு இணையதளத்தில், நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சியின் பாடங்களை ஆசிரியர்கள் இரவில் வீட்டில் முடித்தார்கள். வீடியோ ஓடும், கடைசியில் வினாடி வினா, சான்றிதழ் பதிவிறக்கம். அதில் நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் வீடியோவுக்குக் கேள்வி கேட்கவும் தெரியாது, உங்கள் வகுப்பைப் பார்க்கவும் தெரியாது.

ஆசிரியர் பயிற்றுநர் பணியிடத்தை இதற்காகத்தான் உருவாக்கினார்கள். பள்ளிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து, பார்த்து, அப்புறம் ஆசிரியரோடு பேச வேண்டும். முடிந்தால் தானே ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நல்ல பயிற்றுநர்கள் இதைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால் ஆசிரியர் பயப்படமாட்டார், “இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பாருங்க சார்” என்பார். ஆனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தின் பதிவு சரிபார்ப்பு, இலவசப் பொருள் விநியோகம், கூட்டம், அறிக்கை என்று அவர்கள் நாள் கரைந்துபோகிறது. பள்ளிக்கு வந்தாலும் கையில் ஒரு படிவம் இருக்கும், அதை நிரப்பிக்கொண்டு அடுத்த பள்ளிக்கு ஓட வேண்டும்.

வகுப்புக்குள் வந்து உதவுவதற்கும் வெளியே கூப்பிட்டுப் பயிற்சி தருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் சோதித்தே பார்த்தார்கள். ஏழைக் குழந்தைகள் தாய்மொழியான செட்ஸ்வானாவில் படிக்கப் பழகும் தொடக்க வகுப்புகள் அவை. ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குப் பயிற்றுநரே அடிக்கடி வகுப்புக்குப் போனார். இரு தரப்புக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகங்கள். இரண்டு வருடம் கழித்துக் குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்தபோது, பயிற்றுநர் வந்துபோன பள்ளிகளில் முன்னேற்றம் சுமார் இரண்டு மடங்கு. செலவு அதிகம்தான். ஆனால் நம்மிடம் பயிற்றுநர் பணியிடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, சம்பளமும் போகிறது. அவர்கள் மேசையிலிருந்து கணக்கெடுப்பு, பதிவு வேலைகளை எடுத்து வேறு ஆளிடம் கொடுப்பதுதான் பாக்கி.

குறுவள மையக் கூட்டத்திலும் நேரம் இப்படித்தான் வேறு வேலையில் போகிறது. ஒரு சனிக்கிழமை அப்படியொரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காலை முழுக்கச் சுற்றறிக்கை வாசிப்பு, ஒரு வீடியோ, பின்னூட்டப் படிவம். டீ வந்தபோது ஒரு ஆசிரியர் பையிலிருந்து தன் மாணவியின் நோட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். ஐந்து கழித்தல் கணக்கு, ஐந்திலும் அந்த 35 வகைத் தப்பு. “நம்ம பசங்களும் இதேதான்” என்று இன்னொருவர் குனிந்தார். ஒருவர் குச்சிக் கட்டு என்றார். இன்னொருவர் பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் வைத்துக் கடை விளையாட்டு நடத்துவதாகச் சொன்னார், சில்லறை மாற்றினால்தான் மீதி கொடுக்க முடியும் என்பதால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்களாம். டம்ளர் காலியாகும் வரை ஏழெட்டுப் பேர் அந்த நோட்டைச் சுற்றி நின்றார்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒன்றாக ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்து, அப்புறம் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது அது. நம் ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் புதிதில்லை என்பதை அந்த டீ நேரத்தில் பார்த்தேன். மணி அடித்ததும் நோட்டு பைக்குள் போனது, அடுத்த வீடியோ தொடங்கியது.

இப்போது ஆசிரியர்கள் வேறொரு கவலையில் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எல்லாரும், தகுதித் தேர்வு கட்டாயம் ஆவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் உட்பட, இரண்டு வருடத்துக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. நம் டீச்சர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவர். இன்னும் பன்னிரண்டு வருட சர்வீஸ் இருக்கிறது. மேசையில் பயிற்சி நூல்களின் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கைடு. 150 கேள்வி, அதில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30. குழந்தை வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நிலைகளை மதிய இடைவேளையில் மனப்பாடம் செய்கிறார். தரத்துக்கு ஒரு தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இரண்டு வருடம் மாநிலம் முழுக்க ஆசிரியர்களின் படிக்கும் நேரமும் மனசும் போகப்போவது கைடுக்குத்தான், வகுப்பறைக்கு வெளியே.

அந்தப் பள்ளிக்குப் புதிதாக ஒரு ஆசிரியை வந்திருக்கிறார். பத்து வருடத்துக்கும் மேல் இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனமே இல்லாமல் கிடந்து, 2,768 பணியிடங்களுக்கு 2024 ஜூலையில் நடந்த போட்டித் தேர்வில் தேறி வந்தவர். பட்டயம் முடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது, இடையில் ஜவுளிக் கடையில் பில் போட்டிருக்கிறார். நான்கு, ஐந்தாம் வகுப்பு அவர் பொறுப்பு. வந்த இரண்டாவது வாரம் டீச்சரிடம், “அக்கா, காலையில முதல் பீரியட் மட்டும் உங்க வகுப்புல வந்து உட்காரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு உத்தரவு எதுவும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. தினமும் காலை ஒன்பதரைக்கு நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களில் சிலர் சின்னவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். புது டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, யார் எந்த எழுத்தில் தடுக்கினார்கள், அக்கா என்ன கேட்டார் என்று எழுதிக்கொள்கிறார்.